எல்.இ.டி. வளர்ப்பு விளக்கு: எட்டு வாரக் குறிப்பு

அறைக்குள் லெட்யூஸ் (சாலட் கீரை) வளர்க்க விளக்கு தேடியபோது, பெட்டியின் மீது பெரிதாக அச்சிட்டிருந்த ‘1000 வாட்’ என்ற எண்ணை நம்பினேன். மின்நுகர்வு அளக்கும் கருவியில் செருகிப் பார்த்தபோது, அது உண்மையில் இழுத்தது 108 வாட் மட்டுமே. ஆறாம் நாளிலேயே நாற்றுகள் தண்டு நீண்டு சாய்ந்தன. சிவப்பும் நீலமும் கலந்த அந்த ஊதா ஒளியில், இலை மஞ்சளாவதுகூடக் கண்ணுக்குப் புலப்படவில்லை; நாற்றுத் தட்டைப் பகலொளிக்கு எடுத்து வந்த பிறகே தெரிந்தது.

இரண்டாம் வாரம் வெள்ளை எல்.இ.டி.களுடன் 660 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பும் சேர்ந்த பலகை விளக்குக்கு மாறினேன். இம்முறை நான் பார்த்தது, ஒரு ஜூல் மின்சாரத்துக்கு எத்தனை மைக்ரோமோல் (எண்ணிக்கை அலகு; பத்து லட்சம் சேர்ந்தால் ஒரு மோல்) ஒளித்துகள்களை விளக்கு வெளியிடுகிறது என்பதை. வாங்கிய விளக்கின் அளவு 2.7. வெளிச்சத்தைச் சொல்லும் லூமென் எண்ணைப் பார்க்கவில்லை; அது மனிதக் கண்ணின் உணர்திறனுக்கு ஏற்ப வகுக்கப்பட்ட அலகு. ஒளிச்சேர்க்கைக்கு முக்கியமாகப் பயன்படுவதோ 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்கள்.

அடுத்த வேலை, இலைமட்டத்தில் அளப்பது. ஒளித்துகள் அளவி என்னிடம் இல்லாததால், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அளக்கும் சாதாரண லக்ஸ் அளவியின் எண்ணை 70ஆல் வகுத்துக் கொண்டேன். வெள்ளை எல்.இ.டி.க்கு இது ஏறத்தாழச் சரியாக வரும். ஊதா விளக்குக்கு வெகுவாகப் பிசகும். தட்டின் நடுவில் 17,500 லக்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு நொடிக்குச் சுமார் 250 மைக்ரோமோல் கிடைத்தது, ஓரத்திலோ 120தான். தினமும் 16 மணி நேரம் எரியவிட்டால், நடுச்செடிக்கு நாளொன்றுக்கு 14.4 மோல், ஓரச்செடிக்கு ஏழுக்கும் சற்றுக் குறைவு. லெட்யூஸுக்கு 12 முதல் 17 மோல் வரை போதும் என்பதால், ஓரச்செடிகள் ஏன் பின்தங்கின என்று புரிந்தது. விளக்கை உயர்த்தினால் வெளிச்சம் பரவினாலும் நடுவில் குறைந்துவிடும். ஆகவே சுவர்ப் பக்கங்களில் வெள்ளை அட்டைகளை நிறுத்தி, வாரத்துக்கு இருமுறை செடிகளை இடம் மாற்றினேன்.

ஐந்தாம் வாரம் பேராசை கொண்டு 20 மணி நேரமாக்கியதில் அளவு 18 மோலானது. நான்கே நாட்களில் உள்ளிலைகளின் நுனி கருகியது. வேகமாக வளரும் இளம் இலைகளுக்குக் கால்சியம் போய்ச் சேராததே காரணம். நீராவிப்போக்கு வழியாகவே கால்சியம் நகர்வதால், மூடியிருக்கும் உள்ளிலைகள்தாம் முதலில் பாதிக்கப்படுகின்றன. நேரத்தைப் பழையபடி 16ஆக்கி, மேலிருந்து காற்று இறங்குமாறு சிறு மின்விசிறி பொருத்திய பிறகு வந்த இலைகள் நன்றாக உள்ளன.

சிறிய பசுமைக்குடிலில் கணக்கே வேறு. அங்கே சூரியன் தருவது போக, விடுபட்டதை மட்டும் விளக்கு நிரப்பினால் போதும். அகலமான பலகை பகலில் வெயிலையே மறைத்துவிடும். அதனால் தக்காளி வரிசையின் மேல், ஈரத்தைத் தாங்கும் ஐ.பி.65 தரமுள்ள குறுகிய பட்டை விளக்குகளைத் தேர்ந்தேன். விடாமல் 24 மணி நேரமும் ஒளி விழுந்தால் தக்காளி இலைகள் வெளிறிவிடும் என்பதால், இரவில் ஆறு மணி நேரமேனும் இருள் கிடைக்குமாறு நேரமானியை அமைத்திருக்கிறேன். முதல் பூங்கொத்து நேற்றுதான் விரிந்தது.