உரைக்குப் பக்கத்தில் சட்டத்தை வையுங்கள்: சர்வாதிகாரம் பற்றிய கேள்விக்கு விடை எழுதும் முறை

"சர்வாதிகாரத் தலைவர்கள் தமது அதிகாரத்தை நியாயப்படுத்தப் பேச்சை எவ்வாறு பயன்படுத்தினர்? ஆராய்க." உயர்தர அரசியல் விஞ்ஞானத்திலும் சரி, வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்கோ ஒலுவில் பல்கலைக்கழகத்துக்கோ போன பிறகும் சரி, இந்த மாதிரிக் கேள்விக்கு முகம் கொடுக்க வேண்டி வரலாம். பல விடைகள் "ஹிட்லர் உணர்ச்சியைத் தூண்டிப் பேசி மக்களை ஏமாற்றினார்" என்று தொடங்குகின்றன. பிறகு அதே வசனத்தை ஐந்து விதமாகத் திருப்பி எழுதி முடிந்துவிடுகின்றன. அதில் புள்ளி போடுவதற்கு ஒன்றும் இல்லை.

ரியூட்டில் (வகுப்புக் குறிப்பில்) பத்துத் தலைவர்கள் இருந்தாலும் இரண்டு பேர் போதும். அதிலும் ஓர் உரையை மட்டும் நன்றாகப் பிடியுங்கள். எங்கள் தெரிவு, 1933 மார்ச் 23 அன்று அதிகாரமளிப்புச் சட்டத்துக்காக ஹிட்லர் ஜேர்மன் பாராளுமன்றத்தில் ஆற்றிய உரை.

முதலில் பின்னணி, மூன்றே வரியில். பெப்ரவரி 27 இரவு பாராளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே அவசரகால ஆணை பிறந்தது. பேச்சு, கூட்டம், பத்திரிகைச் சுதந்திரங்கள் போயின. மார்ச் 5 தேர்தலில் ஹிட்லரின் நாசிக் கட்சி பெற்றது 43.9 சதவீத வாக்கு. "அறுதிப் பெரும்பான்மையுடன் வென்றார்" என்று எழுதினால் அந்த இடத்திலேயே விடை சறுக்கும்.

இனி உரை. அமைச்சரவையே சட்டம் இயற்றும் அதிகாரத்தை 4 ஆண்டுகளுக்குக் கேட்கும் ஹிட்லர், அதைப் பயன்படுத்தும் தேவை அரிதாகவே வரும் என்கிறார். பாராளுமன்றத்துக்கும் மாநிலங்களின் சபைக்கும் ஆபத்தில்லை, ஜனாதிபதியின் நிலை மாறாது, மாநிலங்கள் ஒழிக்கப்படா என்று உறுதி தருகிறார். இந்த உறுதிகளை இடப்பக்கம் எழுதி, நடந்ததை வலப்பக்கம் எழுதிப் பாருங்கள். 1933 ஜூலை 14: நாசிக் கட்சி தவிர வேறு கட்சிக்குத் தடை. 1934 ஜனவரி 30: மாநில அதிகாரங்கள் மத்திக்கு. பெப்ரவரி 14: மாநிலங்களின் சபை கலைப்பு. ஓகஸ்ட் 2, ஜனாதிபதி ஹிண்டன்பேர்க் இறந்த நாள்: ஜனாதிபதிப் பதவி ஹிட்லரின் கையில். நான்கு ஆண்டுக்கு என்று வந்த சட்டமோ 1937இலும் 1939இலும் நீடிக்கப்பட்டது. இந்த ஒரு பந்தியே பாதி விடை.

உரையின் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். சமாதானமா போரா என்பதை நீங்களே தீர்மானியுங்கள் என்று உறுப்பினர்களிடம் சொல்லி முடிக்கிறார். கெஞ்சலும் மிரட்டலும் ஒரே வாயில். அப்போது மண்டபத்துக்குள் சீருடையில் கட்சிப் படையினர் நிற்கிறார்கள். 81 கம்யூனிஸ்ட் உறுப்பினர்களில் ஒருவர்கூட உள்ளே இல்லை. வாக்கு 444க்கு 94. எதிர்த்தது சமூக ஜனநாயகக் கட்சி மட்டுமே. "ஆராய்க" என்ற சொல்லுக்கான தீனி இங்கேதான் இருக்கிறது: பேச்சு தனியாக வெல்லவில்லை, தடியும் கூட வந்தது. இதை எழுதாத விடை வெறும் விவரணம்.

சமூகவியலாளர் மக்ஸ் வெபர் சொன்ன, அதிகாரத்துக்கான மூன்று வகை நியாயப்பாட்டை (மரபு, கவர்ச்சித் தலைமை, சட்டம்) எல்லாரும் மனப்பாடம் செய்கிறார்கள். பொருத்திக் காட்டுபவர் குறைவு. 1933 மார்ச்சில் ஹிட்லர் பேசுவது சட்டத்தின் மொழி. 1934 ஜூன் 30இல் தன் கட்சிப் படைத் தலைவர்களையே விசாரணையின்றிக் கொல்வித்தார். ஜூலை 13 உரையில், அந்த வேளையில் ஜேர்மன் மக்களின் உச்ச நீதிபதி தானே என்றார். இது கவர்ச்சித் தலைமையின் மொழி. பதினாறு மாதத்துக்குள் நிகழ்ந்த இந்த நகர்வைக் காட்டினால் வெபர் விடைக்குள் உண்மையாகவே வேலை செய்வார்.

இரண்டாமவர், இத்தாலியின் முசோலினிக்கு ஒரு பந்தி காணும். அவரை எதிர்த்த சோசலிச உறுப்பினர் மத்தியோட்டி கொலைக்குப் பிறகு, 1925 ஜனவரி 3 அன்று, நடந்த அனைத்துக்கும் பொறுப்பு நானே என்று பாராளுமன்றத்திலேயே சொன்னார். குற்றச்சாட்டையே பலமாக மாற்றிய தந்திரம் அது.

இலங்கை உதாரணம் சேர்க்க விரும்பினால் 1982 டிசம்பர் 22 சர்வசன வாக்கெடுப்பு பொருந்தும். நக்சலைட் (தீவிர இடதுசாரி) சதி என்ற குற்றச்சாட்டை முன்வைத்து, பொதுத்தேர்தல் இல்லாமலே பாராளுமன்றத்தின் ஆயுள் 6 ஆண்டு நீட்டப்பட்டது. விளக்குச் சின்னத்துக்குப் போட்டால் ஆம், குடத்துக்குப் போட்டால் இல்லை. அப்போதைய ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன சர்வாதிகாரியா என்ற விவாதத்துக்குள் இறங்க வேண்டாம். "ஆபத்தைக் காட்டி அவகாசம் கேட்டல்" என்ற உத்திக்கு மட்டும் காட்டுங்கள். கட்சிக் கோபம் விடைத்தாளில் ஏறினால் புள்ளி இறங்கும்.

பயிற்சிக்கு ஹன்சாட்டில் (பாராளுமன்ற உரைப் பதிவில்) அவசரகால நிலை விவாதம் ஒன்றை எடுங்கள். கல்முனையிலோ கல்லடியிலோ ஒலிபெருக்கியில் கேட்கும் தேர்தல் பேச்சும் உதவும். பத்து வசனம் போதும். ஒவ்வொன்றிலும் எது ஆபத்து, யார் எதிரி, "நாங்கள்" என்பதற்குள் யார் இல்லை, என்ன அதிகாரம் கேட்கப்படுகிறது, எவ்வளவு காலத்துக்கு என்று குறியுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதிலே கிடைக்காத பேச்சுகள்தான் நல்ல பயிற்சி.

3 மணித்தியாலத்தில் 5 வினா என்றால் ஒன்றுக்கு 36 நிமிடம். ஐந்து நிமிடம் திட்டத்துக்கு, 28 எழுத, மூன்று நிமிடம் திகதிகளைச் சரிபார்க்க. தீ பெப்ரவரி, சட்டம் மார்ச். இவை இரண்டும்தான் அவசரத்தில் அடிக்கடி இடம் மாறுகின்றன. உரையின் சொற்கள் அப்படியே நினைவில் இல்லையென்றால் மேற்கோள் குறி போடாமல், கருத்தை உங்கள் வசனத்தில் எழுதுங்கள்.