தபால் செலவு தனி

31 வருடம் தபால் நிலையத்தில் பார்சல் எடை போட்டவன் நான். என்னைத்தான் ஒரு தோசைக்கல் ஏமாற்றியது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தொலைக்காட்சியில் வந்த விளம்பரம். ஒட்டாத தோசைக்கல் 699 ரூபாய். உடனே அழைத்தால் இன்னொன்று இலவசம். திரையின் அடியில் எறும்புச் சாரையாக ஒரு வரி ஊர்ந்தது. என் கண்ணாடி பூஜை அறையில் இருந்தது. அழைத்தேன். பேசிய பெண் முகவரியை மூன்று முறை சரிபார்த்தாள், மொத்தத் தொகையை ஒரு முறையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆறாம் நாள் கூரியர் பையன் வந்து 1,097 ரூபாய் கேட்டான். பில்லைப் பிரித்தால், அனுப்பும் கட்டணமும் கையாளும் கட்டணமும் சேர்த்துக் கல்லுக்கு 199 வீதம் 398. இலவசக் கல்லுக்கும் 199! இரண்டும் வந்ததோ ஒரே பெட்டியில்.

இதுதான் என் வயிற்றெரிச்சல். பார்சலுக்கு எடையையும் தூரத்தையும் பார்த்துத்தான் காசு. உள்ளே எத்தனை உருப்படி என்று எந்தக் கவுண்டரிலும் எண்ணுவதில்லை. கையாளுவது என்றால் என்ன? ஓர் அட்டைப்பெட்டி, ஒரு முழம் ஒட்டுநாடா, ஒட்டுகிறவர் கூலி. அதுவும் பெட்டிக்கு ஒரு தடவைதான். ஆக, இலவசக் கல்லின் விலை 199 ரூபாய், பெயர்தான் வேறு.

அந்தக் காலத்து வார இதழ் விளம்பரங்களில் 'தபால் செலவு தனி' என்று போட்டிருப்பார்கள். எவ்வளவு என்று சொல்லாவிட்டாலும், தனி என்றாவது சொன்னார்கள். பணம் கட்டிப் பெற்றுக்கொள்ளும் வி.பி.பி. தபாலில் வந்தால் கட்டவேண்டிய தொகை பார்சலின் மேலேயே எழுதியிருக்கும். பிடிக்காதவர்கள் வாங்காமல் திருப்பிவிடுவார்கள். நான் திருப்பவில்லை. பையன் வெயிலில் நின்றிருந்தான், பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

பிறகு தொலைபேசியில் கேட்டேன். பொருளின் விலை மட்டும்தான் திரும்ப வருமாம், 398 வராதாம். திருப்பி அனுப்பும் செலவும் என்னுடையதாம். அது 140 ரூபாய். 699 ரூபாய்ப் பொருளைத் திருப்பிக் கொடுக்க 538 ரூபாய் நஷ்டம்! அந்தக் கணக்கைப் போட்டவன் கெட்டிக்காரன்தான்.

இப்படி விலையைச் சொட்டுச் சொட்டாக வெளியே விடுவதை, 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தடை செய்திருக்கின்றன. அதில் பட்டியலிட்ட 13 தந்திரங்களில் இதுவும் ஒன்று. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் பதிந்தேன். மூன்று வாரத்தில் 199 ரூபாய் வங்கிக் கணக்கில் விழுந்தது. இன்னொரு 199-க்காக மறுபடி மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

நேற்று அதே பையன் எதிர் வீட்டு வாசலில் நின்றான். கையில் அதே பெட்டி, கொஞ்சம் தடிமனாக.

"தோசைக்கல்லா தம்பி?"

"ஆமாம் சார். இப்போது இரண்டு இலவசம்."