பழைய வீட்டுக்குப் புது மாடிப்படி: அளவெடுத்ததிலிருந்து ஆப்பு அடித்தது வரை

பழைய மாடிப்படியைக் கழற்றியபோது, அதன் அடியில் கிடந்த தூசிக்குள் மர ஆப்புகள் ஒரு கைப்பிடி கிடைத்தன. ஒவ்வொன்றும் விரல் நீளம், ஒரு முனை சீவியது. பசை காய்ந்து உதிர்ந்ததும் படிகளைவிட்டு நழுவி விழுந்திருக்கின்றன. ராத்திரியில் யார் மாடியேறினாலும் வீடே விழித்துக்கொள்ளும்படி படி கிரீச்சிட்டது இதனால்தான். மிதிபலகைகளின் நடுவில் கால் பட்டுப் பட்டு 6 மி.மீ. வரை தேய்ந்திருந்தது. சுவரோரப் பக்கப்பலகையைக் கரையான் உள்ளுக்குள் தின்றிருந்தது. தட்டிப் பார்த்தால் அட்டைப்பெட்டி போலச் சத்தம். அதனால் முழுவதும் புதிதாகச் செய்வது என்று முடிவெடுத்தேன். பழையதில் கீழ்த்தூண், கைப்பிடி, கடைசல் செய்த ஒரு கிராதிக்கால் (கைப்பிடிக்குக் கீழே வரிசையாக நிற்கும் சிறு தூண்) ஆகியவற்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். அவை நூறு வருடம் அந்த வீட்டில் இருந்தவை, அவற்றுக்குப் புதுப்படியில் இடம் இருக்க வேண்டும்.

முதலில் உறுப்புகளைச் சொல்லிவிடுகிறேன். கால் வைப்பது மிதிபலகை. அதற்குக் கீழே செங்குத்தாக நிற்பது முன்பலகை. இரண்டையும் இருபுறமும் தாங்குவது பக்கப்பலகை. பக்கப்பலகையின் உள்முகத்தில் காடி வெட்டி, படிகளை அதில் செருகி, அடியிலிருந்து ஆப்பு அடித்து இறுக்குவது பழைய முறை. அதையே நானும் எடுத்துக்கொண்டேன்.

அளவெடுக்க ஒரு நாள் போதும் என்று நினைத்தேன், நான்கு நாள் ஆனது. மாடித்தளத்தின் விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு விட்டு அளந்தால் கீழ்த்தளம் வரை 2875 மி.மீ. ஆனால் முதல் படி அந்த விளிம்புக்கு நேர் கீழே வரப்போவதில்லை. அறையின் அந்தப் பக்கம் வரும். நீளமான நேர்ப்பலகையும் ரசமட்டமும் வைத்துப் பார்த்தேன். படி தொடங்கும் இடத்தில் தரை 17 மி.மீ. தாழ்ந்திருந்தது. ஆக 2892. மாடித்தளத்தில் 20 மி.மீ. கனத்துக்குப் புதுப் பலகை போடப்போகிறோம் என்பது அதற்கு அப்புறம்தான் உறைத்தது. அதையும் சேர்த்து 2912. விட்டிருந்தால் கடைசிப் படி மட்டும் மற்றவற்றைவிட 20 மி.மீ. உயரமாக நின்றிருக்கும். மாடியேறும் கால் இரண்டாவது படியிலேயே உயரத்தைக் கற்றுக்கொண்டுவிடும். அதற்கப்புறம் யாரும் படியைப் பார்த்து ஏறுவதில்லை. ஒரு படி மாறினால் அங்கேதான் இடறும்.

2912-ஐப் பதினாறால் வகுத்தால் சரியாக 182. டேப்பை நம்பாமல் ஒரு நீண்ட கோலில் பதினாறு கோடுகளையும் கீறினேன். இதற்கப்புறம் எந்த உயரத்தையும் டேப்பால் எடுக்கவில்லை, கோல்தான். படியின் ஆழம், அதாவது ஒரு படியின் முன்விளிம்பிலிருந்து அடுத்ததன் முன்விளிம்பு வரை உள்ள கிடைதூரம், 250 மி.மீ. என்று வைத்தேன். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா ப்ளோண்டெல் மனித நடையின் எட்டை (ஓர் அடி எடுத்து வைக்கும் தூரத்தை) வைத்து ஒரு கணக்குச் சொன்னார்: இரண்டு உயரமும் ஓர் ஆழமும் சேர்ந்தால் 24 பிரெஞ்சு அங்குலம், இன்றைய அளவில் சுமார் 650 மி.மீ. இப்போது பொதுவாக 550-லிருந்து 700 வரை ஒப்புக்கொள்கிறார்கள். என் கணக்கில் 614 வந்தது. பழைய படியை அளந்து பார்த்தேன். உயரம் 205, ஆழம் 215. அதில் இறங்கும்போது குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பித்தான் வைப்போம், காரணம் அன்றுதான் புரிந்தது.

கடைசி உயரம் மாடித்தளத்திலேயே முடிவதால், பதினாறு உயரத்துக்குப் பதினைந்து மிதிபலகை. நேராகப் போட்டால் 3750 மி.மீ. நீளம் வேண்டும், ஆனால் கதவு வரை இருப்பது 3100 மட்டுமே. அதனால் கீழே நான்கு நேர்ப்படி, மூலையில் திரும்பும் மூன்று விசிறிப்படி, அப்புறம் எட்டு நேர்ப்படி. நீண்ட பக்கம் 2950-இல் அடங்கியது.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி விசிறிப்படிதான். மூன்று படிகள் சேர்ந்து 90 பாகை திரும்ப வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 30. கோடுகள் எல்லாம் மூலைத்தூணின் மையத்தில் கூடும். படி சுவர்ப்பக்கம் அகன்றும் தூண்பக்கம் குறுகியும் இருக்கும். ஏறுபவர் நடப்பது நடுவில். படியின் அகலம் தூண் மையத்திலிருந்து 950, ஆகவே நடைக்கோடு 475-இல். அந்த இடத்தில் 30 பாகைக்கு வில்லின் நீளம் 249 மி.மீ. வந்தது. நேர்ப்படியின் 250-க்கும் இதற்கும் ஒரே ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம். திரும்பும் இடத்தில் நடையின் எட்டு மாறாது என்று தெரிந்ததும், அட்டையில் மூன்று படிகளையும் முழு அளவில் வெட்டித் தரையில் போட்டு நடந்து பார்த்தேன். வீட்டில் எல்லோரையும் நடக்க வைத்தேன்.

மரம் தேக்கு. பக்கப்பலகை 40 மி.மீ. கனம், மிதிபலகை 32. வந்த பலகைகளை வெட்டாமல், இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, அதே அறையில் விட்டேன். வாரம் ஒருமுறை ஒரே பலகையை எடை போட்டேன். எடை மூன்று வாரம் தொடர்ந்து மாறாமல் நின்ற பிறகுதான் ரம்பத்தைத் தொட்டேன். வெளிக்காற்றில் இருந்த மரம் வீட்டுக்குள் வந்து காயும்போது சுருங்கும். செய்து முடித்த படிக்குள் அது நடந்தால், மூட்டுகள் திறந்துவிடும். தேக்கில் இன்னொரு விஷயம், அதில் சிலிக்கா இருப்பதால் ரௌட்டர் (காடி குடையும் மின்கருவி) பிட்டும் உளியும் சீக்கிரம் மழுங்கும். கார்பைடு பிட்தான் தாக்குப்பிடித்தது. எண்ணெய்ப்பசை உள்ள மரம் என்பதால், பசை தடவுவதற்குச் சற்று முன் ஒவ்வொரு மூட்டையும் அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்தேன்.

காடி வெட்ட, பிளைவுட்டில் ஒரு படியின் வடிவத்தை வெட்டி அச்சாக வைத்துக்கொண்டேன். காடியின் ஆழம் 14 மி.மீ. பின்பக்கம் ஆப்புக்கு இடம்விட்டு அகன்றுபோகும். இடது பலகை நன்றாக வந்தது. வலது பலகையில் அச்சைத் திருப்பாமலே வைத்து மூன்று காடி வெட்டிவிட்டேன். இரண்டுமே இடது பலகை! அன்று வேலையை நிறுத்திவிட்டேன். கெட்டுப்போன நீண்ட பலகையின் மீதியிலிருந்து கீழே வரும் குட்டைப் பகுதியின் ஒரு பக்கப்பலகையை எடுக்க முடிந்தது. மறுநாளிலிருந்து எல்லாப் பலகையிலும் சாக்பீஸால் பெரிதாக மேல், கீழ், சுவர்ப்பக்கம், கிராதிப்பக்கம் என்று எழுதி, ஜோடியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே வெட்டினேன்.

படியைச் சேர்த்தது இப்படி. பக்கப்பலகையைப் படுக்க வைத்து, மிதிபலகையின் முனையைக் காடியில் இறக்குவேன். மேல் விளிம்பு காடியின் மேல்முகத்தோடு உரச வேண்டும், அங்கே ஒரு முடியிழை இடைவெளிகூடக் கூடாது. ஏனென்றால் பிற்காலத்தில் கண்ணில் படுவது அந்தக் கோடுதான். அடியில் ஆப்பைப் பசையில் தோய்த்துக் கையால் செருகி, கொட்டாப்புளியால் தட்டுவேன். முதல் இரண்டு தட்டில் சத்தம் மொத்தென்று இருக்கும். மூன்றாவதில் அது மாறி, கல்லில் தட்டியது போல ‘டக்’ என்று கேட்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். மேலும் ஒரு தட்டுத் தட்டினால் காடியின் உதடு பிளக்கும். ஒன்று பிளந்தது, பசை விட்டுக் கிளாம்ப் போட்டு இறுக்கினேன். மிதிபலகையின் பின்விளிம்பும் முன்பலகையும் சேரும் இடத்தில் அடியிலிருந்து ஸ்க்ரூ, உள்மூலையில் முக்கோணக் கட்டைகள். மரத்தோடு மரம் உரசாவிட்டால் சத்தம் வராது.

பொருத்தும் நாள் காலையில் நான்கு பேர் சேர்ந்து நீண்ட பகுதியைத் தூக்கினோம். தச்சுவேலையிலேயே காலம் கழித்த ஒரு பெரியவர் பார்க்க வந்திருந்தார். நிறுத்தியதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மேலும் கீழும் ஒட்டிநின்ற பக்கப்பலகைக்கும் சுவருக்கும் இடையில், நடுப்பகுதியில் 18 மி.மீ. இடைவெளி. சுவர் வயிறு உள்வாங்கியிருந்தது. பலகையைச் சுவரோடு சேர்த்து இழுத்துத் திருகலாமா என்று கேட்டேன்.

“வேண்டாம் தம்பி. படியை ரசமட்டத்துக்கு வை. சுவருக்காகப் படியை வளைச்சா எல்லாக் காடியும் முறுக்கிக்கும். சுவரை அப்புறம் பாத்துக்கலாம்” என்றார்.

அப்படியே செய்தோம். இடைவெளிக்குள் தேவையான கனத்தில் கட்டை வைத்து, அதன் வழியாகச் சுவரில் திருகினோம். எல்லா மிதிபலகையிலும் ரசமட்டக் குமிழி நடுவில் நின்றது. மூலைத்தூணில் நாக்கும் துளையும்: பக்கப்பலகையின் முனையை நாக்காகச் சீவி, தூணில் வெட்டிய துளைக்குள் செருகுவது. நாக்கில் உள்ள ஓட்டையைத் தூணின் ஓட்டைக்கு நேராகப் போடாமல், தோள்பக்கமாக (நாக்கு தொடங்கும் இடத்தை நோக்கி) 2 மி.மீ. தள்ளிப் போட்டிருந்தேன். மர ஆணியை அடிக்க அடிக்க அது நாக்கை உள்ளே இழுத்தது, மூட்டுத் தானாகவே மூடிக்கொண்டது. அதைப் பார்த்த பெரியவர் ஒன்றும் சொல்லாமல் தூணைக் கையால் ஒருமுறை அசைத்துப் பார்த்தார்.

முதல் முன்பலகையின் கீழ்விளிம்பைத் தரையின் சரிவுக்கு ஏற்பச் சீவ வேண்டியிருந்தது. ஒரு பக்கத்தைவிட மறுபக்கம் 9 மி.மீ. அதிகம். 182 என்பது நடைக்கோட்டில் வரும்படி வைத்தேன்.

சுவர் இடைவெளிக்கு மெல்லிய தேக்குப் பட்டி. பட்டியைப் பக்கப்பலகையின் மேல் வைத்து, காம்பஸின் ஒரு காலைச் சுவரில் உரசவிட்டு, மறுகாலின் பென்சிலால் பட்டியில் கோடு இழுத்தேன். சுவரின் மேடுபள்ளம் எல்லாம் அப்படியே பட்டியில் விழுந்தது. கோடு வரை இழைப்புளியாலும் அரத்தாலும் எடுத்து, மூன்று தடவை வைத்துப் பார்த்து, நான்காவதில் ஒட்டியது. பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தாமலே முடிந்தது.

கிராதிக்கால்களைப் பழைய மாதிரியை வைத்துக் கடைசலில் எடுக்கிறேன், பாதி முடிந்திருக்கிறது. பழைய கால்கள் தள்ளித் தள்ளி நின்றன, நடுவில் ஒரு குழந்தை நுழைந்துவிடும். இப்போது எந்த இடத்திலும் 100 மி.மீ. இடைவெளிக்கு மேல் வராதபடி நெருக்கி வைத்திருக்கிறேன். பழைய கைப்பிடியை உப்புத்தாளால் தேய்த்தபோது, கறுப்பு மெழுகுக்கு அடியில் புது மரத்தின் அதே நிறம் வந்தது. கைப்பிடியின் வளைவு ஓரிடத்தில் மட்டும் அதிகமாக வழவழப்பாக இருக்கிறது. மேலேயிருந்து இறங்குபவர்கள் எல்லோரும் பிடித்துத் திரும்பிய இடம். அங்கே மட்டும் உப்புத்தாள் போடவில்லை.

இன்னும் இரண்டு பூச்சு எண்ணெய் பாக்கி. ஒன்பதாவது படி மட்டும் வெறுங்காலில் மிதிக்கும்போது லேசாக டிக் என்கிறது. அடிப்பகுதியைப் பலகை போட்டு மூடுவதற்கு முன் அதன் ஆப்பைக் கழற்றிப் புதிதாக அடிக்க வேண்டும்.