நிரலாளரின் மேசைக்குக் கேபிளா, வைஃபையா?

வைஃபையிலேயே பல நூறு மெகாபிட் வேகம் கிடைக்கும்போது ஈதர்நெட் கேபிள் எதற்கு என்று சக நிரலாளர்கள் கேட்பதுண்டு. வேகத்தை மட்டும் பார்த்தால் அது நியாயமான கேள்விதான். ஆனால் நிரல் எழுதுகிறவருக்கு வேகத்தைவிட முக்கியம், தாமதம், அதாவது தரவு போய்ச் சேர ஆகும் நேரம், சீராக இருப்பதே என்பது என் உறுதியான எண்ணம்.

தொலைவிலுள்ள சர்வரில் எஸ்எஸ்ஹெச் (தொலைக் கணினியில் கட்டளைகளைத் தட்டி இயக்க உதவும் பாதுகாப்பான இணைப்பு) வழியாக வேலை செய்யும்போது, நாம் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் பொதுவாக அங்கே போய்த் திரும்பிய பிறகே திரையில் தோன்றுகிறது. அதற்குத் தேவைப்படும் தரவு மிகச் சிறியது என்பதால் மெகாபிட் கணக்கு அங்கே உதவுவதில்லை. வைஃபையிலோ, ஒரே சேனலில் (ரேடியோ அலைவரிசையில்) இயங்கும் கருவிகள் எல்லாம், அடுத்த வீட்டு ரவுட்டர் உட்பட, ஒன்று அனுப்பி முடிக்கும்வரை மற்றவை காத்திருக்க வேண்டும்; பாக்கெட் (தரவின் சிறு துண்டு) சிதைந்தால் அதை மறுபடியும் அனுப்ப வேண்டும். இதனால் சராசரித் தாமதம் குறைவாக இருந்தாலும், இடையிடையே ஏதோ ஒரு பாக்கெட் பலமடங்கு தாமதமாக வந்து சேர்கிறது. தட்டச்சு செய்யும் விரல்கள் அந்தத் தடங்கலை உடனே உணர்ந்துவிடும். இன்றைய ஈதர்நெட் இணைப்பில் அனுப்புவதும் பெறுவதும் ஒரே நேரத்தில் நடப்பதால் அந்தக் காத்திருப்பு இல்லை.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றும் காரணம் பிழை தேடுவது. ஒரு சோதனை எப்போதாவது மட்டும் டைம்அவுட் ஆகி, அதாவது பதில் உரிய நேரத்தில் வராமல், தோற்கும்போது, குற்றம் நம் நிரலிலா, காற்றிலா என்ற ஐயமே பாதி நாளைத் தின்றுவிடும். கேபிள் அந்த ஐயத்தைப் பெருமளவு நீக்கிவிடுகிறது.

உங்கள் வைஃபை எப்படி என்று அறிய, இணையத்தில் உள்ள ஏதோ ஒரு முகவரிக்கு அல்லாமல், உங்கள் ரவுட்டருக்கே சில நிமிடங்கள் பிங் (பதில் திரும்பி வர ஆகும் நேரத்தை அளக்கும் கட்டளை) கொடுத்துப் பாருங்கள். சராசரியை விட்டுவிட்டு, அதிகபட்ச எண்ணைக் கவனியுங்கள்.

கிகாபிட் வேகத்துக்கு கேட் 5இ என்ற தர வகை ஈதர்நெட் கேபிளே 100 மீட்டர் வரை போதும். அதற்கு உள்ளிருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் தேவை. ஒரு ஜோடி அறுந்தாலும் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடக்கூடும். கேபிளை மடிக்கணினியில் இணைக்க யுஎஸ்பி 2.0 அடாப்டர் வாங்கினால் 480 மெகாபிட்டே உச்ச வரம்பு.

மொபைல் செயலியைச் சோதிக்க வைஃபைதான் வேண்டும், ஏனெனில் பயனர்கள் பலரும் அதில்தான் இருப்பார்கள். மேசை வரை கேபிள் இழுக்கவே வழியில்லையென்றால், ரவுட்டருக்கு அருகிலுள்ள தொலைக்காட்சியையும் கோப்புச் சேமிப்புக் கருவியையும் கேபிளுக்கு மாற்றிவிடுங்கள். அவை வைஃபையில் விட்டுக்கொடுக்கும் நேரம் உங்கள் மடிக்கணினிக்குக் கிடைக்கும்.