விலங்கியல் பட்டதாரிக்கு இன்னொரு வழி

விலங்கியலில் இளநிலைப் பட்டம் பெற்று வழி கேட்டு வரும் மாணவர்கள் பி.எட்., மெடிக்கல் கோடிங், வனத்தொழில் பழகுநர் தேர்வு ஆகியவற்றை ஏற்கெனவே அறிந்திருக்கிறார்கள். நான் அவர்களிடம் அழுத்திச் சொல்வது, கொசு போன்ற நோய் பரப்பும் பூச்சிகளை ஆராயும் பொதுச் சுகாதாரப் பூச்சியியலைத்தான். புதுச்சேரியில் 1975-இல் தொடங்கப்பட்ட நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இத்துறையில் ஈராண்டு முதுநிலைப் படிப்பை நடத்துகிறது. தொட்டித் தண்ணீரில் கொசுப்புழு நீர்ப்பரப்புக்கு இணையாகக் கிடந்தால் அது மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் இனம் என்றும், சுவாசக்குழலை மேலே வைத்துத் தலைகீழாகத் தொங்கினால் ஏடிஸாகவோ (டெங்குவைப் பரப்புவது இதுதான்) கியூலெக்ஸாகவோ இருக்கும் என்றும் பார்த்த மாத்திரத்தில் சொல்லத் தெரிந்தவர்கள் டெங்கு பரவும் மழைக்காலத்தில் ஒவ்வொரு ஊருக்கும் தேவைப்படுகிறார்கள். கடல்சார் படிப்பை விரும்புகிறவர்களுக்குப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது.