சீட்டில் 210 என்று இருந்தது

என் மகளுக்கு அப்போது ஏழாவது வயது நடந்துகொண்டிருந்தது. குடியாத்தத்தில் ஐப்பசி மழை பிடித்தால் எங்கள் வீட்டில் இருமலும் பிடிக்கும். பகலெல்லாம் ஓடியாடுவாள். நள்ளிரவு தாண்டி எழுந்து உட்கார்ந்துகொண்டு விடாமல் இருமுவாள். முதுகில் காது வைத்துக் கேட்டால் உள்ளே விசில் ஊதுவது போலச் சத்தம் கேட்கும். சளி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இரண்டு ஆண்டுகளில் நான் ஊற்றிக் கொடுத்த ஆன்டிபயாடிக் சிரப்புகளுக்குக் கணக்கில்லை.

ஒருநாள் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள். மொத்த வெள்ளை அணுக்கள் 9,800. அதில் ஈசினோஃபில் என்ற வகை 12 சதவீதம், அதாவது 1,176. சுமார் 500 வரைதான் இயல்பு. "இது ஈஸ்னோபீலியா", அதாவது அந்த அணு மிகுந்துபோன நிலை என்று சொல்லி, யானைக்கால் நோய்க்குத் தரும் மாத்திரையை 21 நாள் கொடுத்தார்கள். நானும் ஒரு வேளை தவறாமல் கொடுத்தேன். இருமல் போகவில்லை.

மார்கழியில் ஓர் இரவு இழுப்பு அதிகமாகி, ஒரு சொல்லைக்கூட முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினாள். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்வாங்கியது. அந்த நேரத்தில் பஸ் ஏது? பக்கத்து வீட்டு அண்ணன் ஆட்டோவை எடுத்தார். பள்ளிகொண்டா வழியாக வேலூர் போய்ச் சேரும்வரை அவள் மூச்சை மட்டுமே எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே ஆக்சிஜன், நெபுலைசர், ஸ்டீராய்டு சிரப். விடிந்தபோது என் மடியில் தூங்கினாள்.

மூன்று நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஈசினோஃபில் 210. அந்தச் சீட்டைப் பார்த்து நான் அழுதேவிட்டேன். நோய் போய்விட்டது என்று நம்பினேன். வீட்டிற்கு வந்ததும், தினமும் கொடுக்கச் சொல்லியிருந்த இன்ஹேலரைப் பத்தே நாளில் நிறுத்தினேன். "இந்த வயதில் பம்ப் போட்டால் பழகிவிடும், வாழ்நாள் முழுக்க விடாது" என்று உறவில் சொன்னார்கள். எனக்கும் உள்ளூர அந்தப் பயம்தான் இருந்தது. அதற்குப் பதிலாக, ஆன்டிஆக்சிடென்ட் என்று அட்டையில் போட்டிருந்த சத்து சிரப்பை வாங்கிக் கொடுத்தேன்.

போகியன்று விடியற்காலை தெருவில் பழைய பாயும் டயரும் எரிந்தன. பனிக்காலத்தில் புகை மேலே போகாமல் கூரை மட்டத்திலேயே நின்றுவிடும். எட்டு மணிக்கெல்லாம் மறுபடி வேலூர்.

இந்த முறை குழந்தைகள் பிரிவில் ஒரு பெண் மருத்துவர் எங்களை உட்கார வைத்து அரைமணி நேரம் பேசினார். அந்த அரைமணியை நான் மறக்கவே மாட்டேன். ஈயோசின் என்ற சிவப்புச் சாயத்தை இழுத்துக்கொள்வதால்தான் இந்த அணுவுக்கு அந்தப் பெயர் என்றும், 1879இல் பால் எர்லிக் என்ற ஜெர்மானியர் இதை இனம் கண்டார் என்றும் சொன்னார். என் கணவர் லுங்கி நெசவுக்காரர். எந்த நூல் எந்தச் சாயத்தைப் பிடிக்கும் என்பது அவருக்குக் கைப்பழக்கம். அதுவரை வாய் திறக்காதவர் அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கத் தொடங்கினார்.

"குடலில் பூச்சி இருந்தாலும் இந்த அணு ஏறும், ஆஸ்துமாவிலும் ஏறும். யானைக்கால் புழுவால் வரும் இழுப்பும் ஒன்று உண்டு. நம் பக்கத்தில் அதைச் சந்தேகப்பட்டது தவறில்லை. ஆனால் அதில் எண்ணிக்கை பெரும்பாலும் 3,000க்கு மேல் போய்விடும்" என்றார். மலப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டார்கள். பூச்சி இல்லை.

அப்படியென்றால் 210 எப்படி வந்தது என்று கேட்டேன். "அது ஸ்டீராய்டு சிரப் செய்த வேலை. அந்த மருந்து உள்ளே போனால் ரத்தத்தில் இந்த அணுக்கள் சட்டென்று குறையும். ஒரே நாளில் காலையும் இரவும் கூட எண்ணிக்கை மாறும். ரத்தம் இவற்றுக்கு வெறும் சாலைதான் அம்மா. சில மணி நேரம் அதில் பயணம் செய்துவிட்டு மூச்சுக்குழாய்ச் சுவருக்குள் போய்க் குடியேறிவிடும். நீங்கள் சாலையில் ஆள் குறைந்ததைப் பார்த்து ஊர் காலி என்று நினைத்துவிட்டீர்கள்" என்றார். அவர் குரலில் கண்டிப்பு இல்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

உள்ளே குடியேறி என்ன செய்கின்றன? அதற்கு அவர் சொன்ன விளக்கம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய். நறுக்கி வைத்தால் காற்றுப் பட்டுக் கறுத்துவிடும் என்றுதானே நாம் தண்ணீரில் போடுகிறோம். அது ஆக்சிஜன் செய்கிற வேலை. வெள்ளை அணுக்கள் கிருமியையும் புழுவையும் கொல்ல அதே ஆக்சிஜனைக் கூர்மையான ஆயுதமாக்கி வைத்திருக்கின்றன. சூப்பர் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு என்று அவற்றுக்குப் பெயர்கள். ஈசினோஃபிலில் உள்ள ஒரு நொதி, ஹைட்ரஜன் பெராக்சைடையும் புரோமைடையும் சேர்த்து, துணி வெளுக்கும் திரவத்துக்கு உறவான ஓர் அமிலத்தை உண்டாக்குகிறது. ஆஸ்துமாவில் கொல்ல வேண்டிய புழு எதுவும் அங்கே இல்லை. அந்த அமிலம் குழந்தையின் சொந்த மூச்சுக்குழாய் உட்சுவரையே அரிக்கிறது. சுவர் புண்ணாகி வீங்க, சளி சுரக்க, குழாய் இறுகிக்கொள்கிறது. இதைத் தணிக்கக் குளூட்டாதயோன், கேட்டலேஸ் போன்ற காவல் பொருள்களை உடம்பே வைத்திருக்கிறது. அந்தக் காவலை மீறி அரிப்பு நடப்பதைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள். புகையும் தூசியும் வெளியிலிருந்து வந்து அந்த அரிப்போடு சேர்ந்துகொள்கின்றன.

ஆன்டிஆக்சிடென்ட் என்றால் இந்த அரிப்பைத் தடுப்பது என்று பொருளாம். நான் வாங்கிய சிரப்பைக் காட்டினேன். நெல்லிக்காய், கொய்யா, கீரை எல்லாம் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் எந்தச் சத்து சிரப்பும் இன்ஹேலருக்கு மாற்றாகாது என்று தெளிவாகச் சொன்னார். இன்ஹேலர் அந்த அணுக்களைச் சுவரிலேயே அடக்குகிறது. ஸ்டீராய்டு என்ற சொல்லுக்கு நான் பயந்ததற்கும் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். இன்ஹேலரை ஒருமுறை அழுத்தி இழுக்கும் ஓர் இழுப்பில் இருப்பது 100 மைக்ரோகிராம் புடெசோனைடு என்ற ஸ்டீராய்டு. பத்து இழுப்பு சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். அதுவும் நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. அவசரத்தில் அவள் குடித்த சிரப்போ ஒரே நாளில் 20 மில்லிகிராம், உடம்பு முழுவதும் பரவியது. இரண்டும் வேறு வேறு மருந்துகள், எடைக்கு எடை சமமில்லை என்பதையும் சொன்னார். ஆனாலும் எனக்கு அந்தக் கணக்கே போதுமாக இருந்தது.

மூச்சுப் பரிசோதனையில் குழாயை ஊதச் சொன்னார்கள். மூன்றாவது முறைதான் சரியாக ஊதினாள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தைக் கொடுத்துக் கால்மணி நேரம் கழித்து ஊதியபோது, ஊதிய காற்றின் அளவு 18 சதவீதம் கூடியிருந்தது. 12 தாண்டினாலே ஆஸ்துமாவுக்குச் சான்றாம்.

இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் என்ற குடுவையில் மருந்து எடுப்பதை ஒரு செவிலியர் கற்றுக்கொடுத்தார். நன்றாகக் குலுக்கி ஒரு முறை மட்டும் அழுத்த வேண்டும். குழந்தை நிதானமாக ஐந்தாறு மூச்சு இழுக்க வேண்டும். அரை நிமிடம் விட்டு அடுத்தது. முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். வாரம் ஒருமுறை ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் நிழலில் காயவைக்க வேண்டும். துடைத்தால் மருந்து உட்புறம் ஒட்டிக்கொள்ளும். நான் முன்பு இரண்டு முறை சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பத்து நாளும் பாதி மருந்து வீணாகியிருக்கும்.

மீதி இருந்தது வீட்டு விஷயம். என் மாமியார் முப்பது வருடமாகப் பீடி சுற்றுபவர். முறத்தில் இலையும் தூளுமாகத் திண்ணையில் உட்காருவார். பேத்தி பள்ளி விட்டு வந்ததும் அவர் தோளில்தான் சாய்வாள். அந்தத் தூளைப் பற்றி அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் சுற்றிய பீடியில்தான் என் கணவர் படித்தார், எங்கள் வீட்டுக்குக் கூரை வந்தது. இரண்டு நாள் சொல்லாமலே இருந்தேன். மூன்றாம் நாள் அவரே கேட்டார்.

"டாக்டரம்மா என்ன சொன்னார்கள்? என் தூளாலா?"

"தூளால் மட்டும் இல்லை, அத்தை. அதுவும் சேர்கிறது."

ஒன்றும் பேசவில்லை. மறுநாள் முறத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார். மாலையில் குளித்துச் சேலை மாற்றிய பிறகுதான் வீட்டிற்குள் வருகிறார். அவரை வெளியே அனுப்பிவிட்டோமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஓராண்டு ஆகிறது. அடுத்த போகிக்கு முந்தின நாளே அவளை உறவினர் வீட்டுக் கொல்லை மேட்டுக்கு அழைத்துப் போய்விட்டோம். பள்ளிப் பையில் அவசரத்துக்கான நீல இன்ஹேலர் ஒன்று இருக்கிறது, வகுப்பு ஆசிரியைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு முறை லேசான இழுப்பு வந்தது. வேலூருக்கு ஓடவேண்டிய அளவுக்குப் போகவில்லை. மருந்தின் அளவைக் குறைக்கலாமா என்பதை மருத்துவர்தான் சொல்வார், நானாக இனி நிறுத்த மாட்டேன்.

தினமும் எடுக்கும் இன்ஹேலரில் 200 இழுப்பு மருந்து. எத்தனை போயிற்று என்ற கணக்கை அத்தைதான் வைத்திருக்கிறார். பீடிக் கட்டு எண்ணுகிற பழக்கத்தில், காலண்டர் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு, இருபத்தைந்துக்கு ஒரு வட்டம். மாலை ஏழு மணிக்கு வாசலிலிருந்து அவர் குரல் கேட்கும்: "கண்ணு, ஆயா கோடு போட வேண்டாமா? வா!"