மூன்றாம் நாள் காலையில் வண்டி எடுக்கவில்லை: டேஷ் கேம் ஹார்ட்வயர் அனுபவம்

சாவியைத் திருப்பினேன். டக் டக் டக் என்று ரிலே சத்தம் மட்டும் வந்தது. மீட்டரில் இருந்த விளக்குகள் ஒருமுறை மங்கி, மொத்தமாக அணைந்தன. பக்கத்தில் நின்ற வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டுக் கிளப்பியபோது நேரம் போய்விட்டது. பேட்டரிக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. முந்தைய இரண்டு நாளும் வண்டி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அதற்கு முன் புதிதாகச் சேர்ந்தது ஒன்றே ஒன்றுதான்: முன் கண்ணாடியில் மாட்டி சாலையைப் படம்பிடிக்கும் டேஷ் கேம்.

அதை மாட்டிக் கொடுத்தவர் அரை மணி நேரத்தில் வேலையை முடித்திருந்தார். வயர் எங்கேயும் கண்ணில் படவில்லை. பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்ததால் நானும் எதையும் கேட்கவில்லை. வண்டி நின்றுபோனதும் திரும்பப் போய்ச் சொன்னேன். “பேட்டரி வீக்கா இருக்கும் சார், மாத்திடுங்க” என்றார். ஃபியூஸ் பாக்ஸைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்தப் பயணம் முழுக்க வீண்.

வீட்டுக்கு வந்ததும் நானே மூடியைத் திறந்தேன். ஒரு ஃபியூஸின் காலில் வெறும் செப்பு இழைகளைச் சுற்றி, அப்படியே சாக்கெட்டுக்குள் அழுத்தியிருந்தார். மஞ்சள் வயரும் சிவப்பு வயரும் ஒன்றாக முறுக்கப்பட்டு அங்கேயே நின்றன. கேமராவை நேரடியாக ஃபியூஸ் பாக்ஸோடு இணைக்கும் ஹார்ட்வயர் கிட்டில் மஞ்சள் என்பது எப்போதும் மின்சாரம் இருக்கும் ஃபியூஸுக்கு, சிவப்பு என்பது சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஃபியூஸுக்கு, கறுப்பு எர்த்துக்கு. (பெரும்பாலான கிட்டில் இதுதான் நிறம். ஆனாலும் வயரில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துவிடுங்கள்.) மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்துவிட்டால், சாவி போட்டே இருக்கிறது என்று கேமரா நினைத்துக்கொள்ளும். வண்டி நிற்கும்போது மின்சாரத்தைக் குறைவாக இழுக்கும் பார்க்கிங் மோடுக்கே போகாது. இரவு பகலாக முழு ரெக்கார்டிங்.

மல்டிமீட்டரில் பார்த்தேன், 0.35 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தது. சின்ன எண்தான். ஆனால் 24 மணி நேரத்துக்கு 8.4 ஆம்பியர் ஹவர். என் பேட்டரியே 45. வண்டி ஓடாமல் இரண்டரை நாள் நின்றால் பாதிக்கு அருகில் காலி. போதாததற்கு, பேட்டரி வோல்ட் இறங்கினால் கேமராவை அணைக்கும் கட் ஆஃப் சுவிட்ச் கிட்டில் 11.6 வோல்ட்டில் வைக்கப்பட்டிருந்தது. ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 11.6 என்பது கிட்டத்தட்ட காலி. அந்த இடத்துக்கு வந்த பிறகு கேமராவை அணைத்து என்ன பயன்?

அதைவிட மோசமான விஷயம், சுற்றிய வயருக்குத் தனி ஃபியூஸ் கிடையாது. சுற்றியிருந்த கால், மின்சாரம் வந்து சேரும் பக்கத்துக் கால். எங்காவது தகடு உரசி வயரின் தோல் கிழிந்தால், அதைத் தடுக்க மேலே இருக்கும் பெரிய மெயின் ஃபியூஸைத் தவிர வேறொன்றும் இல்லை. அது எரிவதற்குள் இந்த மெல்லிய வயர் தீப்பிடித்துவிடும். இதோடு இரண்டு நாள் வண்டி நின்றிருக்கிறது.

சரி, எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து போடலாம் என்று முடிவு செய்தேன். அப்போதுதான் ஏ பில்லர், அதாவது முன் கண்ணாடியின் ஓரத் தூணின் பிளாஸ்டிக்கைக் கழற்றினேன்.

கழற்றுவதற்கு முன் ஒரு விஷயம். அந்தத் தூணின் பிளாஸ்டிக்கில் ‘ஏர்பேக்’ என்று எழுத்து பொறித்திருந்தால், உள்ளே, பக்கவாட்டு ஜன்னல்களை மறைத்து விரியும் கர்ட்டன் ஏர்பேக் இருக்கிறது என்று அர்த்தம். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, வண்டியின் கையேட்டில் சொல்லியிருக்கும் நேரம் காத்திருந்த பிறகே கை வைக்க வேண்டும். அங்கே இருக்கும் மஞ்சள் கனெக்டர்களைத் தொடவே கூடாது. மல்டிமீட்டர் முனையைக்கூட அதில் வைக்காதீர்கள்.

பிளாஸ்டிக் விலகியதும் பார்த்தேன். சுருட்டி மடித்து, துணி உறையில் கட்டி வைத்த ஏர்பேக் தூணோடு கீழே இறங்குகிறது. அதன் முன்பக்கத்தில், குறுக்காக, கேமரா வயர். வயர் ஆடாமல் இருக்க, ஏர்பேக் உறையையும் சேர்த்து ஒரு கேபிள் டை போட்டு இறுக்கியிருந்தார். பட்டையை இழுத்துப் பூட்டி, மிச்ச வாலைக்கூட அழகாக நறுக்கியிருந்தார். கையில் கட்டரோடு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மோதல் நடந்தால் சில பத்து மில்லி விநாடிகளில் விரிய வேண்டிய பை அது. அதைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். பின் இருக்கையில் யார் உட்காருவார்கள் என்று யோசித்தபோது எனக்குக் கோபம் அடங்கவே இல்லை.

அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். நீங்களே போட்டாலும் சரி, வேறொருவர் போட்டாலும் சரி, வயர் ஏர்பேக்குக்குப் பின்னால், அதற்கும் உடல் தகட்டுக்கும் இடையில் போக வேண்டும். பை விரியும் பாதையில் எதுவும் குறுக்கே வரக்கூடாது. கட்ட வேண்டுமானால், வண்டிக் கம்பெனியே போட்டிருக்கும் வயர் கட்டு அங்கே இறங்கும். அதோடு சேர்த்துக் கட்டுங்கள். “கதவு ரப்பருக்குள் சொருகிட்டேன்” என்று யாராவது சொன்னால், மேலே கூரைத் துணிக்கு அருகில் எந்தப் பக்கமாகப் போகிறது என்று கேளுங்கள். கூரை ஓரம் முழுக்க அதே பைதான் ஓடுகிறது.

அந்தப் பிளாஸ்டிக்கைக் கழற்றும்போது மேல் கிளிப் உடைந்தது. இது சாதாரண கிளிப் இல்லை. ஏர்பேக் விரியும்போது பிளாஸ்டிக் பறந்து வந்து முகத்தில் அடிக்காமல் பிடித்து வைக்கும் நாக்கு மாதிரியான துண்டு இதில் உண்டு. பல வண்டிகளில் இதை ஒருமுறை கழற்றினால் மாற்றியே ஆக வேண்டும். உதிரி பாகம் விற்கும் இடத்தில் கேட்டேன். “கிளிப் தனியா வராது, ஃபுல் டிரிம்மா வாங்குங்க” என்று தலையை நிமிர்த்தாமலே சொன்னார். நானும் நம்பித் திரும்பிவிட்டேன். இரண்டாம் முறை, உடைந்த துண்டைக் கழுவி, அதன் முதுகில் பொடி எழுத்தில் இருந்த பாக எண்ணை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அதே கவுண்டரில், அதே ஆள், எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் கிளிப்பை எடுத்துக் கொடுத்தார்.

அப்புறம் ஃபியூஸ் டேப், அதாவது பழைய ஃபியூஸ் இருந்த சாக்கெட்டில் சொருகி, தனி ஃபியூஸோடு புதிய வயருக்கு மின்சாரம் எடுக்கும் துண்டு. இதிலும் ஒரு வீண் அலைச்சல். மினி அளவு டேப் வாங்கி வந்தேன். என் வண்டியில் இருந்தது மைக்ரோ 2. இரண்டும் ஒரு சாயலில் இருக்கும், ஆனால் மைக்ரோ 2 குறுகல். அழுத்தினால் போய்விடும் என்று தோன்றும். அழுத்தாதீர்கள், சாக்கெட்டின் பித்தளை நாக்கு விரிந்துவிட்டால் பிறகு எந்த ஃபியூஸும் அங்கே இறுக்கமாக நிற்காது. வாங்கப் போகும்போது உங்கள் ஃபியூஸ் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள்.

எந்த ஃபியூஸில் இருந்து எடுப்பது என்பதுதான் என் நேரத்தை அதிகம் தின்றது. ஏர்பேக், பிரேக், இன்ஜின் கம்ப்யூட்டர், பெட்ரோல் பம்ப் இவற்றின் பக்கமே போகக்கூடாது. சிவப்பு வயருக்கு சார்ஜர் சாக்கெட் ஃபியூஸ் கிடைத்தது, பிரச்சினை இல்லை. மஞ்சளுக்குத்தான் திண்டாட்டம். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையைத் தகட்டில் தொட்டு, சிவப்பு முனையை ஃபியூஸின் தலையில் தெரியும் பொட்டுப் பொட்டான உலோகத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். ஒன்றில் சாவி எடுத்த பிறகும் 12.5 நின்றது. இதுதான் என்று டேப்பைச் சொருகி, வயரை எல்லாம் கட்டி, மூடியும் போட்டுவிட்டேன். மறுநாள் பார்த்தால் இரவு ரெக்கார்டிங் 20 நிமிடத்தோடு நின்றிருந்தது.

இப்போதைய வண்டிகளில் சாவி எடுத்ததும் எல்லாம் உடனே தூங்குவதில்லை. பூட்டிய பிறகு கொஞ்ச நேரம் கழித்துத்தான் சில சர்க்யூட்டுகளில் மின்சாரம் நிற்கிறது. கதவு திறந்திருந்தால் தூங்கவே தூங்காது. நாமோ கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அளக்கிறோம். ஆகவே கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி, கதவு மூடியிருப்பதாக வண்டியை நம்ப வைத்து, ரிமோட்டில் பூட்டிவிட்டு அரை மணி நேரம் ஒதுங்கி நின்றேன். பிறகு அளந்தபோது நான் தேர்ந்தெடுத்த ஃபியூஸில் பூஜ்யம். உள்விளக்கு ஃபியூஸிலும் பூஜ்யம். ஹசார்டு விளக்கு ஃபியூஸில் மட்டும் 12.5 அசையாமல் நின்றது. அங்கேதான் மஞ்சள் போனது. (கதவைச் சாத்தும் முன் கைப்பிடியை இழுத்து அந்த நாக்கைத் திறந்துவிட மறக்காதீர்கள். மறந்து சாத்தினால் பூட்டு அடிபடும்.)

டேப்பை எந்தத் திசையில் சொருகுவது என்பதையும் நிறையப் பேர் கவனிப்பதில்லை. கால்களுக்கு அருகில் இருக்கும் துளையில் பழைய ஃபியூஸ், மற்றதில் கேமராவுக்கான சின்ன ஃபியூஸ். நான் 2 ஆம்பியர் போட்டேன். டேப்பின் எந்தக் கால் இரண்டு ஃபியூஸுக்கும் பொதுவோ, அது சாக்கெட்டில் மின்சாரம் வரும் பக்கம் நிற்க வேண்டும். திருப்பிப் போட்டாலும் கேமரா ஓடும், ஆனால் கேமராவின் சுமையும் பழைய ஃபியூஸ் வழியாகவே போகும். சரிபார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. டேப்பிலிருந்து பழைய ஃபியூஸை மட்டும் பிடுங்குங்கள். அப்போதும் கேமரா வயரில் மின்சாரம் இருந்தால் திசை சரி. எனக்கு முதலில் சொருகியபோது மின்சாரம் இல்லை. திருப்பிச் சொருகினேன், வந்தது.

எர்த் வயரிலும் ஒரு நாள் போனது. பெடலுக்கு மேலே கைக்கு எட்டிய போல்ட்டில் மாட்டினேன். வேகத்தடை ஏறி இறங்கும்போதெல்லாம் கேமரா அணைந்து, திரும்ப எழுந்து, வணக்கம் சொல்லும் இசையை வாசித்தது. கேமராதான் கெட்டுப்போனது என்று மாற்றித் தரக் கேட்கக்கூட நினைத்தேன். பிறகு ஓம் அளவில் வைத்து அந்த போல்ட்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே பார்த்தால் எண் நிலையில்லாமல் ஆடியது. அது பிளாஸ்டிக் மூடியைப் பிடித்திருக்கும் போல்ட், அடியில் பெயின்ட். வண்டி உடலோடு நேராக இறங்கும் வேறொரு போல்ட்டுக்கு மாற்றியதும் எண் பூஜ்யத்துக்கு அருகில் வந்து நின்றது. அதற்குப் பிறகு ஒருமுறைகூட அணையவில்லை.

வயரை மறைப்பது இத்தனைக்கும் நடுவில் எளிது. கேமராவிலிருந்து கூரைத் துணியின் விளிம்புக்குள் விரலால் தள்ளிக்கொண்டே தூண் வரை, அங்கிருந்து ஏர்பேக்குக்குப் பின்னால் கீழே, கதவு ரப்பரைத் தூக்கி அதனுள், பிறகு ஃபியூஸ் பாக்ஸ். உலோக ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், பிளாஸ்டிக் நெம்புகோல் போதும். மிச்ச வயரைச் சுருட்டி, கிட்டின் சின்னப் பெட்டியை ஃபோம் டேப்பால் சுற்றி வயர் கட்டோடு கட்டினேன். ஃபோம் இல்லாவிட்டால் ஓட்டும்போது தட தடவென்று ஆடும். பெடல்களுக்கு மேல் எதுவும் தொங்கவில்லை என்று மூன்று முறை பார்த்தேன். பிரேக் மிதிக்கும் இடம் அது.

கட் ஆஃபை முதலில் 12.4 வைத்தேன். பாதுகாப்பு அதிகம் என்று நினைத்தேன், ஆனால் இரவு ஒன்றரை மணி நேரத்திலேயே கேமரா தூங்கிவிட்டது. மெல்லிய வயரில் கொஞ்சம் வோல்ட் குறைந்துதான் கிட்டுக்குப் போய்ச் சேர்கிறது, அதனால் பேட்டரியில் இருப்பதைவிடக் குறைவாகத்தான் அது பார்க்கும். 12.2 க்கு இறக்கினேன். அதற்குக் கீழே போக மாட்டேன்.

பேட்டரி முனையைக் கழற்றி மாட்டியதால் கடிகாரமும், ஒரே அழுத்தில் ஜன்னல் ஏறி இறங்கும் ஆட்டோ வசதியும் மறந்துபோயின, கையேட்டைப் பார்த்துச் சரி செய்தேன்.

போன வாரம் நான்கு நாள் வெளியே போக வேண்டியிருந்தது. வண்டியை வேண்டுமென்றே அப்படியே விட்டுப் போனேன். திரும்பி வந்ததும் கதவைத் திறப்பதற்கு முன் பானெட்டைத் தூக்கி மல்டிமீட்டரை வைத்தேன். 12.3. கார்டில் கடைசி ரெக்கார்டிங் இரண்டாம் நாள் விடிகாலை, அதன் பிறகு கேமரா தானாக அணைந்திருக்கிறது. சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே எடுத்தது.